ஹோனௌனௌ அடைக்கலத் தலத்துக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஹவாயின் பெரிய தீவில், மேற்கே கோனா கரையோரம் இருக்கிறது புஉஹோனுவா ஓ ஹோனௌனௌ தேசிய வரலாற்றுப் பூங்கா. ‘புஉஹோனுவா’ என்றால் அடைக்கலம் தரும் இடம். அங்கே போகத் திட்டமிடும் உறுப்பினர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கேள்வி: கைலுவா-கோனாவில் தங்குகிறோம். எப்படிப் போவது? அரை நாள் போதுமா?

பதில்: தெற்கே சுமார் 22 மைல். 11ஆம் எண் நெடுஞ்சாலையில் 103, 104 மைல் கற்களுக்கு நடுவே 160ஆம் எண் சாலை பிரியும். அதில் மூன்றரை மைல் சரிவில் இறங்கினால் கடலோரம் வந்துவிடும். தூரத்தைப் பார்த்து அரை மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். ஊருக்குள் போக்குவரத்து நெரிசல் உண்டு, முக்கால் மணி நேரம் வையுங்கள்.

அடைக்கல இடத்தைப் பிரிக்கும் பழைய கல்மதிலும் ஹலே ஓ கேயவே கோயிலும் மட்டும் பார்க்க ஒன்றரை மணி நேரம். தெற்கே போகும் ‘1871 பாதை’ என்ற பழைய வழியிலும் நடப்பதென்றால் மொத்தம் நாலு மணி நேரம். காலை எட்டரைக்குள் உள்ளே இருப்பது நல்லது. கறுப்புப் பாறை பத்து மணிக்கே அனலைக் கக்க ஆரம்பிக்கும். கோனா கரையில் காலையில் வானம் தெளிந்திருக்கும், பிற்பகலில் மலைப்பக்கத்திலிருந்து மேகம் கட்டும். படம் எடுக்கவும் காலைதான் வசதி.

கட்டணம் காருக்கு 20 டாலர். ஆள் கணக்கு இல்லை. பணம் செலுத்த வங்கி அட்டையைக் கையில் வைத்திருங்கள். உள்ளே சாப்பாட்டுக் கடை கிடையாது. குடிநீர் பார்வையாளர் மையத்தில் நிரப்பிக்கொள்ளலாம். எரிமலைப் பூங்காவுக்கும் மௌயி தீவின் ஹலேயகலா தேசியப் பூங்காவுக்கும் போகிறவர்கள் மூன்றுக்கும் சேர்த்து விற்கும் ஓராண்டு அனுமதிச் சீட்டைக் கேளுங்கள், செலவு குறையும்.

கேள்வி: புனிதமான இடம் என்கிறார்கள். நம் கோயில்போலச் செருப்பைக் கழற்ற வேண்டுமா? பூ வைக்கலாமா?

பதில்: கழற்ற வேண்டாம், வெறுங்காலில் நடந்தால் கொப்புளம்தான் மிஞ்சும். மரியாதை வேறு விதத்தில் காட்டப்படுகிறது. மதில்மேல் ஏறக் கூடாது, கல்மேடைகளில் உட்காரக் கூடாது, வேலி போட்ட இடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. ஹலே ஓ கேயவே கோயில் முன்னால் மரமேடையில் ஹவாய் மக்கள் வைத்த காணிக்கையைப் பார்ப்பீர்கள். அது அவர்கள் வழிபாடு, காட்சிப்பொருள் அல்ல. தொடாதீர்கள். கல்லை இலையில் சுற்றி வைப்பதைச் சில பயணிகள் ஹவாய் மரபு என்று நினைத்துச் செய்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். நின்று கை கூப்பினாலே போதும்.

கேள்வி: ‘அடைக்கலம்’ என்பது நடைமுறையில் எப்படி இயங்கியது? குற்றவாளியை விட்டுவிடுவார்களா?

பதில்: பழைய ஹவாயில் வாழ்க்கையே ‘கபு’ என்ற விலக்குகளால் கட்டப்பட்டிருந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக் கூடாது. பெண்கள் பன்றிக்கறியும் தேங்காயும் வாழைப்பழத்தின் பெரும்பாலான வகைகளும் உண்ணக் கூடாது. அரச குலத்தாரின் நிலத்தில் சாதாரண மனிதனின் நிழல்கூட விழக் கூடாது. மீறினால் தண்டனை மரணம். மீறலைத் தண்டிக்காவிட்டால் தெய்வங்கள் சினந்து எரிமலைக் குழம்பாகவும் கடற்கோளாகவும் ஊரையே அழிக்கும் என்று நம்பினார்கள். அதனால் ஊர் முழுதும் துரத்தும்.

துரத்தப்பட்டவன் மதிலுக்கு அப்பால் காலடி வைத்துவிட்டால் யாரும் தொட முடியாது. பூசாரி பரிகாரச் சடங்கு செய்வார், சில மணி நேரத்திலோ மறுநாளோ அவன் பழி நீங்கி வீடு திரும்புவான். போரில் தோற்ற வீரர்களும், போருக்கு அஞ்சிய முதியவர்களும் குழந்தைகளும் இங்கேதான் ஒதுங்கினார்கள். மதிலை ஒட்டிய நிலப்பக்கம் அரச வளாகம், அதன் வழியே ஓடி வர முடியாது. ஆகவே விரிகுடாவை நீந்திக் கடந்து வந்து சேர்ந்தார்கள் என்பது வழிவழி வரும் செய்தி. வடக்குக் கரையில் நின்று நீரைப் பார்த்தால் அந்த நீச்சலின் தூரம் உறைக்கும். குழந்தைகளுக்கு அந்த இடத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

1819இல் ஹவாய் அரசர் இரண்டாம் கமேஹமேஹா பெண்களோடு பந்தியில் அமர்ந்து உண்டார். ஒரு வேளைச் சாப்பாட்டோடு கபு முறையே முடிவுக்கு வந்தது.

கேள்வி (அதே உறுப்பினர்): அப்படியானால் அந்தக் கோயில் அன்றிலிருந்து நிற்பதா?

பதில்: இல்லை, இப்போது காண்பது மறுகட்டுமானம். ஹலே ஓ கேயவேயில் 23 அரச குலத்தாரின் எலும்புகள் இருந்தன. அவற்றில் உறைந்த ‘மனா’ எனும் ஆற்றல்தான் தலத்துக்குக் காவல். 1819இல் பல கோயில்கள் எரிக்கப்பட்டபோதும் இது தப்பியது. 1823இல் வந்த வில்லியம் எல்லிஸ் என்ற பாதிரியார் 24க்கு 16 அடி அளவு, ‘டி’ என்ற செடியின் இலையால் வேய்ந்த கூரை என்று எழுதி வைத்தார். 1829இல் எலும்புகள் அகற்றப்பட்டுக் கோயில் பிரிக்கப்பட்டது. 1960களில் மறுபடி எழுப்பியபோது இத்தகைய பழைய குறிப்புகள் துணை நின்றன. சுற்றிலும் நிற்கும் மரச் சிற்பங்களுக்குக் ‘கீஇ’ என்று பெயர். கடற்காற்றும் உப்பும் மரத்தை அரிப்பதால் அவ்வப்போது புதிதாகச் செதுக்கி மாற்றுகிறார்கள்.

மதில் அப்படியல்ல. 950 அடிக்கு மேல் நீளம், 12 அடி வரை உயரம், 18 அடி வரை அகலம், சாந்து ஒரு துளி கிடையாது. முகக் கற்களை ஒன்றுக்கொன்று கவ்வும்படி அடுக்கி, உள்ளே சிறு கற்களால் நிரப்பியிருக்கிறார்கள். கட்டுமானத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் தூரத்தில் நின்று படம் எடுத்துவிட்டு நகராதீர்கள். இரண்டடி தள்ளி நின்று ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, அது எத்தனை கற்களைத் தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். என்னைக் கேட்டால் கோயிலைவிட இந்த மதில்தான் நீண்ட நேரம் பார்க்கத்தக்கது.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. நடக்க முடியுமா?

பதில்: முக்கிய சுற்று அரை மைல்தான், ஆனால் பெரும்பகுதி மணல். கால் புதையும், கைத்தடியும் இறங்கும். அடிப்பக்கம் அகன்ற தடி கொண்டு போங்கள். மணலில் ஓடும் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று பார்வையாளர் மையத்தில் முதலில் கேளுங்கள். மதிலுக்கு அப்பால் தரை மேடுபள்ளமான லாவா. அங்கே அம்மாவை வற்புறுத்தாதீர்கள். அரச வளாகத்தில் தென்னை நிழலில் கோனனே பலகை இருக்கும். கறுப்பு, வெள்ளைக் கற்களால் தாவி வெட்டி ஆடும் ஆட்டம், ஆடுபுலி தெரிந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

கேள்வி: கடலில் இறங்கலாமா? ஸ்நார்கெல் (நீருக்குள் பார்த்தபடி மிதக்க உதவும் மூச்சுக்குழாய்) கருவி வாங்கிவிட்டோம்.

பதில்: பூங்காவுக்குள் இருக்கும் கேயோனேஎலே என்ற சிறு கடற்குடாவில் இறங்கக் கூடாது. அரசரின் தோணி கரையேறிய இடம் அது, ஆமைகளும் ஓய்வெடுக்கும். பூங்கா எல்லைக்கு வெளியே, வடக்கே ‘டூ ஸ்டெப்’ என்ற இடத்தில் இறங்குங்கள். பாறையே இரண்டு படியாக அமைந்திருக்கிறது.

உட்கார்ந்துதான் இறங்க வேண்டும். படியில் அமர்ந்து துடுப்புக் காலணி மாட்டி, ஓர் அலை வந்து போனதும் சறுக்கி நீரில் விழுங்கள். உடனே ஆழம், கால் எட்டாது. ஏறும்போது அலை உங்களைத் தூக்கும் நேரத்தில் கை ஊன்றுங்கள். ஊன்றுமுன் பாறை இடுக்கைக் கண்ணால் பாருங்கள், ‘வனா’ என்ற முள்ளெலி போன்ற கடல் உயிரி அங்கே ஒட்டியிருக்கும், முள் சதைக்குள் ஒடிந்துவிடும். அங்கே உயிர்காப்பாளர் கிடையாது. படிமேல் அலை அடித்துப் புரண்டால் அன்று இறங்காதீர்கள். பெரும்பாலானோர் அடிபடுவது நீந்தும்போது அல்ல, அலைமிகுந்த நாளில் ஏறும்போது.

ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த வெயில் பூச்சை ஹவாயில் 2021 முதல் விற்கத் தடை. ஊரிலிருந்து கொண்டு போவதில் அவை இருந்தால் பவளத்துக்காக விட்டுவிட்டுப் போங்கள். ஆமையிலிருந்து 10 அடி தள்ளி நில்லுங்கள். அது அசையாமல் கிடந்தால் செத்துவிடவில்லை, வெயில் காய்கிறது. சுழல் டால்பின்களை 50 கஜத்துக்குள் நெருங்குவது சட்டப்படி குற்றம். அவை பகலில் விரிகுடாவுக்குள் தூங்கத்தான் வருகின்றன.

கேள்வி: 1871 பாதை நடக்கத்தக்கதா?

பதில்: கட்டாயம். கீஇலாயே என்ற கைவிடப்பட்ட கிராமம் வரை போய்வர இரண்டு மைலுக்குச் சற்று அதிகம். குதிரை போகும்படி 1871இல் திருத்தப்பட்டதால் அந்தப் பெயர். வழியில் கோயில் மேடைகள், தலைவர்கள் சறுக்குப் பலகையில் பாய்ந்த ‘ஹோலுவா’ சரிவு, பாறை விளிம்பில் ஏற கட்டிய அலஹாகா சாய்தளம் எல்லாம் வரும். நிழல் மிகக் குறைவு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கெட்டியான அடிப்பகுதி கொண்ட காலணி.

கெட்டி அடி எதற்கென்றால், கியாவே மரம். நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு, ரப்பர் செருப்பைத் துளைத்து முள் ஏறும். அதன் பக்கத்திலேயே சூபாபுல்லும் காடாக வளர்ந்து நிற்கும். இரண்டும் வந்தேறிகள். பழைய பாலினேசியர்கள் தோணியில் கொண்டு வந்தவை வேறு: தென்னை, நோனி. ‘மிலோ’ என்று பலகையில் எழுதியிருந்தால் அது நம் பூவரசுதான், இலையைப் பார்த்தாலே தெரியும்.

கேள்வி: டிரோன் பறக்கவிடலாமா? நினைவுக்கு ஒரு லாவாக் கல்?

பதில்: இரண்டும் கூடாது. அமெரிக்க தேசியப் பூங்காக்கள் எங்கும் டிரோனுக்குத் தடை. கல், மணல், பவளம் எதையும் எடுக்கக் கூடாது.

கேள்வி: எரிமலை வெடித்தால் ஆபத்தா?

பதில்: கிலாவேயா எரிமலை தீவின் மறுபக்கம், அதன் குழம்பு இங்கே வராது. ஆனால் அது புகையும் நாட்களில் வணிகக் காற்று தெற்குமுனையைச் சுற்றிக் கொண்டுவந்து கோனா கரையில் ‘வாக்’ என்ற கந்தகப் புகைமூட்டத்தைக் கவிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் காலையில் காற்றுத் தர நிலவரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், மருந்துக் குழலைக் காரில் விடாமல் பையில் வையுங்கள். நிலம் பலமாக அதிர்ந்தாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ எச்சரிக்கை மணிக்குக் காத்திராமல் வந்த 160ஆம் சாலையில் மேட்டை நோக்கிப் போய்விடுங்கள்.