தட்டிப் பாருங்கள், அப்புறம் கேமரா வாங்கலாம்

காரைக்குடியில் பாட்டி காலத்து வீடு. சுண்ணாம்புச் சுவரில் ஈரத்திட்டு. போனில் மாட்டும் தெர்மல் கேமரா வாங்கினால் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியுமா?

உள்ளே தெரியாது. அது மேற்பரப்பின் வெப்பத்தை மட்டும்தான் காட்டும். ஈரம் ஆவியாகிற இடம் குளிர்ந்து தனியாகத் தெரியும், ஆனால் மரநிழல் விழுந்த இடமும் அப்படித்தான் தெரியும், அதனால் ஒரே படத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம். காலை வெயில் சுவரில் ஏறும்போது எடுத்தால் இன்னொரு பயன் உண்டு: பூச்சு கல்லை விட்டு விலகியிருந்தால் பின்னால் உள்ள காற்று வெப்பத்தை உள்ளே கடத்தாது, அந்த இடம் மட்டும் சீக்கிரம் சூடேறும். இதையே காசு செலவில்லாமல் கண்டுபிடிக்க விரல் முட்டியால் தட்டுங்கள். காலிப்பானை மாதிரி சத்தம் வருகிற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அது சரி, சமீபத்தில் யாராவது கீழ்ச்சுவரில் சிமென்ட் பூசினார்களா? பூசியிருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, அது மேலே ஏறும்.

எக்ஸ்ரே எடுத்தால் பழைய ஓவியம் கெடாதா?

ஒரு படம் எடுக்கத் தேவையான அளவு கதிரால் ஓவியத்துக்கு ஒன்றும் ஆகாது. படத்தைப் படிப்பதுதான் கஷ்டம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பழைய டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது, ஜன்னலோரம் ஒரு பெண் கடிதம் படிக்கிறாள். பின்னால் வெற்றுச் சுவர். 1979ல் எக்ஸ்ரே எடுத்தபோது அந்தச் சுவருக்கு அடியில் ஒரு மன்மதன் தெரிந்தான். வெர்மீரே மனம் மாறி அழித்துவிட்டார் என்றுதான் பல வருடம் நம்பினார்கள். 2017ல் தொடங்கிய சீரமைப்பின்போது சோதித்தால், மன்மதனுக்கும் மேல்பூச்சுக்கும் நடுவே பழைய வார்னிஷும் அழுக்கும்! அழுக்கு படிய வருடங்கள் ஆகுமே, அதனால் மூடியது வேறு கை என்று முடிவாகி, மேல்பூச்சைச் சுரண்டி எடுத்து 2021ல் மன்மதனோடு காட்சிக்கு வைத்தார்கள். அடியில் ஆள் இருக்கிறான் என்று எக்ஸ்ரே சொன்னது. மூடியது வெர்மீரா இல்லையா என்பதற்குக் கடுகளவு வண்ணத்தை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது.

எங்கள் ஊர்க் கோயிலுக்கு அடியில் சுரங்கப்பாதை இருக்கிறதாம். ரேடார் வைத்தால் தெரிந்துவிடுமா?

சுரங்கம் இல்லாத கோயில் எந்த ஊரில் இருக்கிறது! தரை ஊடுருவும் ரேடார் மண்ணும் கல்லும் வெற்றிடமும் மாறுகிற இடத்தில் எதிரொலி தரும், அவ்வளவுதான். ஈரக் களிமண்ணில் அலை கொஞ்ச ஆழத்திலேயே செத்துவிடும். எகிப்தில் துட்டன்காமன் கல்லறையில் நடந்ததைப் பாருங்கள்: சுவருக்குப் பின்னால் மறைவறைகள் இருக்கலாம் என்று எகிப்திய ஆய்வாளர் நிக்கோலஸ் ரீவ்ஸ் 2015ல் சொன்னார், அதன்பின் எடுத்த ஒரு ரேடார் ஆய்வு 'ஆமாம்' என்றது, உலகமே பரபரத்தது. 2018ல் இத்தாலியின் டூரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு வேறுவேறு ரேடார்களை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று கையை விரித்தது. உங்கள் ஊரிலும் ஒரு கோடு தெரியலாம். அது பழைய வடிகாலாகவும் இருக்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் உள்ள சோழர் ஓவியத்தை அகச்சிவப்புக் கேமராவில் பார்க்க முடியாதா?

முடியாது. அகச்சிவப்பு மெல்லிய வண்ணப்படலத்தைத்தான் கடக்கும். அங்கே நடுவில் இருப்பது சுண்ணாம்புப் பூச்சு. 1931ல் வரலாற்றுப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி சோழர் ஓவியத்தைக் கண்டதே, மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில்தான். பின்னாளில் தொல்லியல் துறை மேல் ஓவியத்தைப் பெயர்த்துக் கண்ணாடியிழைப் பலகையில் ஒட்டி வைத்தது. துணிச்சலான வேலைதான், எனக்கும் வியப்பு உண்டு. ஆனாலும் பெயர்த்ததைத் திரும்பப் பழைய இடத்தில் ஒட்ட முடியாதே.

தேய்ந்த கல்வெட்டைப் போனில் படம் எடுத்தால் எழுத்து தெரிவதில்லை.

ஃபிளாஷை அணையுங்கள். இருட்டிய பிறகு போய், டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, போனை அசைக்காமல் வைத்துக்கொண்டு, நாலைந்து திசையிலிருந்து ஒளியை மாற்றி மாற்றி எடுங்கள். ஒரு படத்தில் மறைந்த கொம்பு இன்னொன்றில் தெரியும். தயவுசெய்து கல்லில் மாவு தேய்க்காதீர்கள்.