விபிஎன் போட்டால் பிங் வருகிறது, பெரிய ஃபைல் மட்டும் திணறுகிறது, ஏன்?

வயர்கார்டு என்ற விபிஎன்னைப் போட்டதும் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) நன்றாக வருகிறது, சின்னப் பக்கங்கள் திறக்கின்றன, ஆனால் பெரிய ஃபைல் இறங்கும்போது நின்று நின்று போகிறது என்கிறீர்கள். சர்வரை மாற்றுவதற்கு முன் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பைப் பாருங்கள். இதே தொல்லையில் நான் இரண்டு வாரம் அலைந்தேன், கடைசியில் காரணம் அதுதான்.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். வயர்கார்டு அதற்குள்தான் தன் உறையையும் அடக்க வேண்டும், பழைய இணைய முகவரி முறையான ஐபிவி4 வழி போனால் 60 பைட், புதிய முறையான ஐபிவி6 என்றால் 80, அதனால்தான் பொதுவாக எம்டியூவை, பெரிய உறைக்கும் இடம் விட்டு, 1420 என்று வைக்கிறார்கள். ஆனால் வீட்டு இணைப்பு பிபிபிஓஇ (சில பிராட்பேண்ட் நிறுவனங்கள் பயன்படுத்தும் இணைப்பு முறை) என்றால் அதற்கே 8 பைட் போய்விடும், மிச்சம் 1492, ஐபிவி6 வழி போகும் டனலுக்கு (விபிஎன் பாதைக்கு) 1412-தான் கிடைக்கும். அதைத் தாண்டிய பாக்கெட்டை நடுவிலுள்ள ரவுட்டர் கைவிட்டு, 'பெரிதாக இருக்கிறது' என்று ஒரு ஐசிஎம்பி செய்தி (நெட்வொர்க்கின் பிழை அறிவிப்பு) அனுப்பும். அந்தச் செய்தியை ஏதாவது ஃபயர்வால் தடுத்தால், அனுப்புகிறவருக்கு விஷயமே தெரியாது, திரும்பத் திரும்ப அதே அளவில் அனுப்பிக்கொண்டே இருப்பார்.

முதலில் விபிஎன்னின் இரண்டு பக்கமும் எம்டியூவை 1280 வைத்துப் பாருங்கள். சரியானால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

அப்புறம், ஓபன்விபிஎன் என்ற இன்னொரு விபிஎன்னை டிசிபியில் (தொலைந்த பாக்கெட்டைத் தானே மறுபடி அனுப்பும் முறை) ஓட்டுகிறவர்கள் முதலில் அப்படி மறுபடி அனுப்பாத யுடிபிக்கு மாறுங்கள். டிசிபிக்குள் டிசிபி போனால், ஒரு பாக்கெட் தொலைந்தாலும் இரண்டு அடுக்கும் மறுபடி அனுப்பத் தொடங்கி வேகம் படுத்துவிடும்.