அந்தப் போனை நீங்கள் ஏன் எடுக்கிறீர்கள்?

கேள்வி: ராணுவத்தில் ஒன்பது வருடமாக இருக்கும் என் மகன், தங்கை கல்யாணத்துக்கு லீவில் வந்தான். லீவு முடிந்து 22 நாள் ஆகிறது. மேலதிகாரி ஒருவர் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினாராம். திரும்பிப் போக மாட்டேன் என்கிறான். யூனிட்டிலிருந்து போன் வந்தால் நான்தான் எடுத்து, 'வெளியே போயிருக்கிறான்' என்று சொல்லி வைக்கிறேன். டாக்டர் சர்ட்டிபிகேட் அனுப்பினால் கோர்ட் மார்ஷலிலிருந்து தப்பலாமா?

பதில்: சர்ட்டிபிகேட் கிடக்கட்டும். போனை நீங்கள் ஏன் எடுக்கிறீர்கள், அம்மா? துப்பாக்கி பிடிக்கிற பிள்ளைக்குப் போன் பிடிக்கத் தெரியாதா?

லீவு முடிந்தும் தக்க காரணமில்லாமல் திரும்பாதது, 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். படையை விட்டு ஓடிப்போவது அதைவிடப் பெரிது. போர்ப்பணியில் இல்லாதபோதே ஏழு ஆண்டு வரை போகும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒன்றுதான்: திரும்பும் எண்ணம் இருந்ததா, இல்லையா. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு 'வெளியே போயிருக்கிறான்' என்பதும் இல்லை என்பதற்குச் சாட்சி. 30 நாள் ஆனால் விசாரணைக் குழு கூடிப் பதிவு செய்யும்; அப்புறமும் வராவிட்டால் ஓடிப்போனவன் கணக்குதான். எட்டு நாள் பாக்கி. (அதனால்தான் இந்தப் பதிலை உங்களுக்குத் தனியாகத் தபாலிலும் போட்டுவிட்டேன்.)

இன்னொன்று. ஓடிப்போன சிப்பாய் என்று தெரிந்தே அடைக்கலம் கொடுப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. கட்டிய மனைவிக்கு விலக்கு உண்டு. பெற்றவளுக்குக் கிடையாது.

அவமானம் வலிக்கும், சரி. அதற்கு அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவில் புகார் செய்ய வழியிருக்கிறது; புகாரை வாங்க வேண்டியவர் மேலேயே புகார் என்றால் அவருக்கு மேலே உள்ளவரிடம் கொடுக்கலாம். யூனிட்டில் நின்று கொடுக்கிற புகாருக்கு ஒரு கனம் உண்டு. அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து கொடுத்தால் யார் காதில் விழும்?

தானாக வந்து நிற்பவனைக் கமாண்டிங் ஆபீசரே விசாரித்து, 28 நாள் வரை காவலில் வைத்து, கோர்ட் மார்ஷல் இல்லாமலே முடிக்கவும் இடமுண்டு. அதுவும் தண்டனைதான், அனுபவிக்கட்டும். தப்பு செய்த பிள்ளையை மறைத்து வைப்பதைப் பாசம் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அடுத்த முறை மணி அடித்தால் நீங்கள் எடுக்காதீர்கள். அவனே எடுத்து, எந்த ரயிலில் வருகிறான் என்று சொல்லட்டும்.