இங்க் பேனாவுக்கு வீட்டிலேயே மை: வாசகர் கேள்விகள்

கேள்வி: கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மை காய்ச்சினேன். எழுத்து கறுகறுவென்று விழுகிறது. இதை இங்க் பேனாவில் ஊற்றலாமா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: வேண்டாம். தொட்டு எழுதும் நிப்புக்கு அது அருமையான மை, ஆனால் இங்க் பேனாவுக்கு ஆகாது. கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானினும் அன்னபேதியின் (இரும்பு சல்பேட்) இரும்பும் முதலில் வெளிர் நிறத்தில் கரைந்துதான் இருக்கும். காற்று படப்பட, தண்ணீரில் கரையாத கறுப்புப் பொருளாக மாறும். தாளில் அப்படி மாறினால் எழுத்து அழியாமல் நிற்கும். நிப்புக்கு அடியிலுள்ள கட்டையின் மெல்லிய பள்ளத்தில் மாறினால் பேனா அடைத்துக்கொள்ளும். கருவேலம் பிசினும் சேர்த்திருந்தால் இன்னும் மோசம்.

இரும்பு மையைப் பேனாவுக்கென்றே தயாரித்தவர்கள் அதை நீர்க்க வைத்தார்கள். அமெரிக்க அரசின் பழைய அளவுப்படி ஒரு லிட்டருக்கு டானிக் அமிலம் 11.7 கிராம், காலிக் அமிலம் 3.8 கிராம், அன்னபேதி 15 கிராம். பாட்டிலுக்குள்ளேயே கறுத்துப் படியாமல் இருக்க ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ப்பார்கள். கடுக்காயில் டானின் காய்க்குக் காய் மாறுவதால் இந்த அளவை வீட்டில் பிடிக்க முடியாது.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால், 100 மில்லி தண்ணீரில் 1 கிராம் வைட்டமின் சி தூளைக் கரைத்து, நிப்பையும் கட்டையையும் சில மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். படிந்த இரும்பு கரைந்து வரும். வெந்நீர் கூடாது, எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா நிறம் மங்கிவிடும்.

கேள்வி: அப்படியானால் எதில் செய்வது? அளவு சொல்லுங்கள்.
– கும்பகோணம் வாசகி

பதில்: தண்ணீரில் முழுதாகக் கரையும் சாயத்தில். 100 மில்லி நீல மைக்கு:

பிரில்லியண்ட் ப்ளூ உணவுச் சாயம் 1 கிராம், கிளிசரின் 1 மில்லி, சோடியம் பென்சோயேட் 0.1 கிராம், சிட்ரிக் அமிலம் 0.1 கிராம். தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீரின் உப்பு நிப்பில் பூத்துவிடும்.

சாயம் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். மளிகைக் கடையில் கேசரிக்கு விற்கும் பவுடரில் பெரும்பாலும் உப்போ மாவோதான் அதிகம். கலப்படமில்லாத சாயம் என்று கேட்டு வாங்குங்கள். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு அவசியம்.

பென்சோயேட்டை முதலில் கரைத்துவிட்டு அப்புறம் சிட்ரிக் அமிலம் போடுங்கள். பென்சோயேட் புளிப்பில்தான் பூஞ்சையைத் தடுக்கும், அமிலத்தை விட்டுவிட்டால் சில வாரங்களில் பாட்டிலில் நூல் நூலாக மிதக்கும். பிறகு சாயம், கிளிசரின். ஒரு நாள் வைத்து, காபி ஃபில்டர் தாளில் இரண்டு முறை வடிகட்டுங்கள். நிறம் பச்சை கலந்த நீலமாகத் தெரிந்தால் கார்மோய்சின் என்ற சிவப்பு உணவுச் சாயத்தை 0.1 கிராமிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கோடு விட்டுவிட்டு விழுந்தால், பல் குத்தும் குச்சியின் நுனியில் தொட்ட பாத்திர சோப்பு திரவம் போதும். அதற்கு மேல் போனால் தாளில் மை ஊறிப் பரவும். இந்த மை தண்ணீர் பட்டால் கரையும், வெயிலில் வெளுக்கும். பத்திரம், செக் எழுத வேண்டாம்.

கேள்வி: இரண்டு மைகளைக் கலந்தேன், மறுநாள் அடியில் சேறு. ஏன்?
– ஈரோடு வாசகர்

பதில்: மெத்தில் வயலெட், மெத்திலீன் ப்ளூ போன்ற சாயங்களுக்கு நேர் மின்னேற்றம். மேலே சொன்ன உணவுச் சாயங்களுக்கு எதிர் மின்னேற்றம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு படிந்துவிடும், வடிகட்டினாலும் தேறாது. எதைக் கலந்தாலும் கண்ணாடிக் குப்பியில் பத்துச் சொட்டு கலந்து ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். டார்ச் அடித்து அடியைப் பாருங்கள். துளி வண்டலும் இல்லையென்றால், முதலில் விலை குறைந்த பேனாவில் ஊற்றுங்கள்.