தங்கமீனும் ஏஞ்சலும் ஒரே தொட்டியில் வாழுமா?

கேள்வி: இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறோம். இரண்டு தங்கமீன்கள், இரண்டு ஏஞ்சல்கள், ஒரு ஃபைட்டர், பத்து நியான் டெட்ராக்கள், சில கப்பிகள், பாசியைத் தின்பதற்கு ஒரு சக்கர் மீன் ஆகியவற்றை விட ஆசை. எல்லாமே சின்ன மீன்கள்தாம், ஒத்துப்போகும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: இந்தப் பட்டியலை அப்படியே வாங்க வேண்டாம். விற்பனைத் தொட்டிகளில் நாம் பார்ப்பவற்றில் பல இன்னும் வளர வேண்டிய இளம் மீன்கள் என்பதால், இன்றைய அளவை வைத்து முடிவெடுத்தால் சில மாதங்களில் சிக்கல் வரும். விரல் நீளத்தில் வாங்கும் சாதாரண சக்கர் மீன் 30 செ.மீ.க்கு மேல் வளரக்கூடியது. உங்கள் தொட்டியின் அகலமோ ஓரடிதான், அது திரும்பக்கூட இடமிருக்காது. பாசியை அது ஒழித்துவிடும் என்பதும் அரை உண்மைதான், ஏனெனில் அது தின்பதைவிடக் கழிவாக வெளியேற்றுவதே கண்ணில் அதிகம் படும்.

தங்கமீன் குளிர்ச்சியான நீரை விரும்புவது. ஏறத்தாழ 18 முதல் 22 டிகிரி வரை அதற்கு இதமாக இருக்கும். அமேசான் ஆற்றுப் படுகையிலிருந்து வந்த ஏஞ்சலுக்கு 25 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. இரண்டையும் ஒன்றாக வைத்தால் ஏதாவது ஒன்று எப்போதும் தனக்கு ஒவ்வாத நீரில்தான் இருக்கும். தங்கமீன் வெளியேற்றும் கழிவும் மிக அதிகம் என்பதால், அதை வளர்ப்பதென்றால் இதைவிடப் பெரிய தொட்டியில் தங்கமீன்களை மட்டும் வளர்ப்பதே முறை.

ஏஞ்சலும் நியான் டெட்ராவும் முதல் சில மாதங்கள் அழகாகவே ஒத்துப்போகும். ஏஞ்சல் முழு வளர்ச்சி அடைந்தபின், விளக்கணைந்த இரவுகளில் டெட்ராக்களின் எண்ணிக்கை ஒன்றிரண்டாகக் குறையத் தொடங்கும். காலையில் தேடினால் உடல்கூடக் கிடைக்காது. ஏஞ்சலைக் குற்றம் சொல்வதற்கில்லை. வாய்க்குள் நுழையக்கூடிய மெலிந்த மீன் அதன் கணக்கில் இரைதான். ஃபைட்டரையும் ஆண் கப்பிகளோடு சேர்க்க வேண்டாம். கப்பியின் அகன்ற வண்ணவாலைப் பார்த்ததும் இன்னொரு ஃபைட்டர் என எண்ணி அது செவுள் மூடிகளை விரித்துக்கொண்டு பாய்வதுண்டு.

அப்படியானால் எதை வாங்குவது? உங்கள் தொட்டியின் கொள்ளளவு கணக்குப்படி சுமார் 56 லிட்டர். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் அளவுக்கே நீர் நிற்கும். ஆகவே சில சிறிய மீன்களுக்கே இதில் இடமுண்டு. எவை என்று முடிவெடுக்க முதலில் நீரின் கடினத்தன்மையைச் சோதியுங்கள். உப்புச் சத்து மிகுந்த கடின நீர் என்றால் கப்பியே பொருத்தமானது. ஆணும் பெண்ணும் கலந்து வாங்கினால் மாதந்தோறும் குஞ்சுகள் பெருகி இடம் போதாமல் போகும் என்பதால், ஆண்களை மட்டும் ஆறு வாங்குவது என் பரிந்துரை. மென்னீர் என்றால் எட்டு நியான் டெட்ராக்களும், அடித்தளத்தில் உலவுவதற்குச் கோரிடோராஸ் என்னும் கெளுத்தி மீனில் சிறிய வகை ஆறும் போதும். இவ்விரண்டும் கூட்டமாக வாழ்பவை. இரண்டு மூன்றாக வாங்கினால் மிரண்டு செடிகளுக்குப் பின்னாலேயே ஒளிந்திருக்கும். கோரிடோராஸ் மீசையால் துழாவி இரை தேடுவதால் கூர்மையான சரளைக்குப் பதிலாக வழவழப்பான மணலைப் பரப்புங்கள்.

கேள்வி: தொட்டியில் நீர் நிரப்பி ஒரு வாரமாகிறது. ஃபில்டர் ஓடுகிறது, நீரும் பளிங்குபோல் தெளிவாக இருக்கிறது. மீன்கள் அனைத்தையும் ஒரே நாளில் விடலாமா?

பதில்: நீரின் தெளிவு எதற்கும் சான்றாகாது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சும் தீனியிலிருந்தும் உருவாகும் அம்மோனியா நிறமற்ற நஞ்சு. ஃபில்டர் பஞ்சில் குடியேறும் ஒருவகை நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை போதிய அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன் இல்லாமலேயே தினமும் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு வாருங்கள். அது அழுகி நுண்ணுயிரிகளுக்கு உணவாகும். தொடர்ந்து தீனி போட்டும், நீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகவும் நைட்ரேட் ஓரளவு இருப்பதாகவும் தெரிந்தால் தொட்டி தயார்.

அதன் பிறகும் பாதி மீன்களை முதலில் விட்டு, இரண்டு வாரம் பார்த்து, மீதியை விடுங்கள். டெட்ராவும் கோரிடோராஸும் வாங்குபவர்கள் கோரிடோராஸை முதலில் விடலாம். புதுத் தொட்டியின் ஏற்றத்தாழ்வை நியான் டெட்ரா எளிதில் தாங்காது. ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் அதிலுள்ள குளோரின் நுண்ணுயிரிகளை அழித்துவிடும் என்பதால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசிப் பிழியுங்கள். மீன் வாங்கிவந்த பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டபின், சிறு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பையிலுள்ள நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.