ட்ரோன் படத்தில் சிவப்புத் திட்டு: வேர் வாடல்தானா?

வணக்கங்க. ஆனைமலைத் தென்னந்தோப்பின் ட்ரோன் படத்தில் மேற்கு மூலை சிவப்பாக இருக்கிறது, வேர் வாடல் நோய் என்று மரத்தை வெட்டச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அந்த என்டிவிஐ படம் (பயிரின் பசுமையை அளக்கும் படம்), சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியும் ஓலையில் பட்டு எவ்வளவு திரும்புகிறது என்ற கணக்குதான். மரம் சோர்ந்திருப்பதைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. சொட்டுநீர்க் குழாய் அடைத்து மரம் காய்ந்தாலும் சிவப்பு, இடையில் வெறும் மண் தெரிந்தாலும் சிவப்பு.

முதலில் அந்த மூலைக்கு நடந்து போய் ஓலையைப் பாருங்கள். வேர் வாடல் என்றால் கீற்றுகள் விலா எலும்பு மாதிரி உள்நோக்கி வளைந்திருக்கும். சந்தேகம் இருந்தால் ஆழியார் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். அப்புறம், தோப்பு காட்டோரம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோனைப் பறக்கவிட வேண்டாம்.