வேலை போனபின் எழவே மனமில்லாத காலைகள்

நண்பரே, வேலை போனதிலிருந்து மதியம்வரை படுத்தே கிடக்கிறேன், குளிக்கக்கூடத் தோன்றவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, தயவுசெய்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். ஆனால் மனம் வரட்டும், அப்புறம் எழலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். சோர்ந்த மனதுக்குச் செயல்தான் முதலில், உற்சாகம் பின்னால்தான் வரும். மனநல சிகிச்சையிலேயே இது ஒரு முறை. நாளை விழித்ததும் போனை எடுக்காமல் வாசலிலோ மொட்டைமாடியிலோ கொஞ்ச நேரம் நில்லுங்கள். காலை வெளிச்சம் பட்டால் இரவுத் தூக்கமும் மெல்லச் சீராகும். குளிக்க முடியாவிட்டால் முகம் கழுவினாலே சரி. சாப்பாட்டை மட்டும் விடாதீர்கள், தயிர்சாதமானாலும் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் உடனே 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது; இலவசம், நள்ளிரவிலும் தமிழில் பேசலாம்.